சறுக்கலில் தட்டையான டயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது 2014ஆம் ஆண்டு வாங்கிய சிறிய கார், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத அடிப்படை மாடல். சென்ற மாதம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், திண்டிவனத்தைத் தாண்டி மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது, நடுத்தடுப்பின் இடைவெளியிலிருந்து ஒரு மொபெட் திடீரெனக் குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் வண்டி திரும்பாமல் நேராகவே சறுக்கிச் சென்று, நல்லவேளையாக மொபெட்டைத் தொடாமல் நின்றது. அன்று முதல் முன்பக்கத்தில் ‘தட தட’ என்ற அதிர்வு இருக்கிறது. 30 கி.மீ. வேகத்தில் தட்டுவது தனித்தனியாகத் தெரிகிறது. 80-ஐ நெருங்கும்போது ஸ்டியரிங்கே நடுங்குகிறது. இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்தும் குறையவில்லை. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று டயர் கடைக்காரர் சொல்கிறார். உண்மைதானா? டயர்கள் 175/65 ஆர்14 அளவுள்ளவை. ஏறத்தாழ 20,000 கி.மீ. ஓடியவை.
— வாசகர், விழுப்புரம்

பதில்: தாங்கள் விவரிக்கும் அளவிலான அதிர்வு ஓடிச் சரியாகக்கூடியது அன்று. டயரின் ஓரிடத்தில் ரப்பர் தேய்ந்து போய்விட்டது; போன ரப்பர் திரும்பி வராது. மற்ற இடங்களும் அதே அளவுக்குத் தேயும்வரை ஓட்டலாமே என்று தோன்றலாம். ஆனால் தட்டையான இடம் ஒவ்வொரு சுற்றிலும் சாலையில் குதித்து விழுவதால், அந்த இடமும் அதன் ஓரங்களும் மற்ற பகுதிகளைக் காட்டிலும் வேகமாகத் தேய்வதே பெரும்பாலும் நடக்கிறது.

நடந்தது என்னவென்று பார்ப்போம். சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டியின் இயக்க ஆற்றல் பிரேக் டிஸ்க்கும் பேடும் உரசும் இடத்தில் வெப்பமாக மாறும். டிஸ்க் இரும்பாலானது, அந்தச் சூட்டைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. சக்கரம் பூட்டிக்கொண்டு சுற்றாமல் நின்றுவிட்டால், உரசல் டிஸ்க்கை விட்டுவிட்டு டயருக்கும் சாலைக்கும் இடையே வந்துவிடுகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 90 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 3 லட்சம் ஜூலுக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் தண்ணீரைக் அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ இவ்வளவு ஆற்றல்தான் வேண்டும். தங்கள் அளவுள்ள டயர் ஒன்று தரையைத் தொடும் பரப்போ 13 செ.மீ. அகலமும் 9 அல்லது 10 செ.மீ. நீளமும் கொண்டதுதான். பூட்டிய சக்கரத்தில் அந்த ஒரே பரப்பு, இடம் மாறாமல், நிற்கும்வரை தார்ச்சாலையில் தேய்க்கப்படுகிறது. சாலையில் விழும் கருங்கோடு அப்படி உருகியும் உரிந்தும் போன ரப்பர்தான். இதே சறுக்கல் மழைநாளில் நேர்ந்திருந்தால், நிற்பதற்கு இன்னும் அதிக தூரம் பிடித்திருக்கும். டயர் மட்டும் இவ்வளவு தேய்ந்திருக்காது, ஏனெனில் ஈரம் உரசலையும் சூட்டையும் குறைத்துவிடுகிறது.

ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகச் சென்றதற்கும் இதுவே காரணம். சுற்றுகின்ற சக்கரத்தால்தான் வண்டியைப் பக்கவாட்டில் இழுக்க முடியும். பூட்டிய சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சறுக்கும் திசையிலேயே போகும். பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி தட்டாமாலை சுற்றிவிடும் என்பதால், முன்சக்கரங்களே முதலில் பூட்டிக்கொள்ளும்படி பிரேக் அமைப்பை வடிவமைக்கிறார்கள். ஆகையால் தேய்மானம் பெரும்பாலும் முன்டயர்களில்தான் இருக்கும். தாங்கள் அதிர்வை ஸ்டியரிங்கில் உணர்வதும் இதோடு பொருந்துகிறது. பின்டயர் பழுதாகியிருந்தால், நடுக்கம் ஸ்டியரிங்கைவிட இருக்கையில்தான் அதிகம் தெரியும்.

80 கி.மீ. வேகத்தில் நடுக்கம் உச்சத்துக்குப் போவதற்கும் கணக்கு உண்டு. தங்கள் டயரின் சுற்றளவு சுமார் 1.83 மீட்டர். 30 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு நான்கரை முறை சுற்றுவதால், ஒவ்வொரு தட்டும் காதுக்குத் தனியாகக் கேட்கிறது. 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பன்னிரண்டு தட்டுகள் விழுகின்றன. சக்கரமும் சஸ்பென்ஷனின் கீழ்ப்பகுதியும் இயல்பாகவே நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துள்ளக்கூடியவை. இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில்தான் நடுக்கம் பெருகுகிறது.

பேலன்சிங் ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதற்காக மூன்றாம் முறையும் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பேலன்சிங் இயந்திரம் சக்கரத்தைக் காற்றில், எவ்விதச் சுமையும் இல்லாமல் சுழற்றி, எந்தப் பக்கம் எடை கூடுதல் என்று பார்க்கிறது. அதற்கு ஈடாக ரிம்மில் சிறு எடைகள் ஒட்டப்படுகின்றன. தட்டையான இடத்தில் எடை சற்றுக் குறைந்திருக்கும் என்பதால் இயந்திரம் அதையும் ஈடுகட்டி, எல்லாம் சரி என்று பூஜ்யம் காட்டிவிடும். ஆனால் தங்கள் டயரின் குறை எடையில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. வண்டியின் பாரம் ஏறிச் சாலையில் உருளும்போது அந்தப் பள்ளம் அப்படியே இருக்கும். சில பெரிய டயர் நிலையங்களில், சக்கரத்தின்மீது ஓர் உருளையை அழுத்திப் பாரம் ஏற்றிய நிலையில் சோதிக்கும் இயந்திரம் இருக்கிறது. அந்த இயந்திரம் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும். அது கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, ஒரு சாக்பீஸ் போதும்.

சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, கியரை நியூட்ரலில் வையுங்கள். சாக்பீஸை ஒரு கல்லின்மீதோ மரக்கட்டையின்மீதோ அசையாமல் ஊன்றி, டயரின் மேற்பரப்பை மயிரிழையில் தொடுமாறு வைத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். வட்டமாக இருக்கும் டயரில் கோடு தொடர்ச்சியாக விழும்; தட்டையான இடத்தில் கோடு அறுந்துவிடும். அந்த இடத்தை அடையாளமிட்டுக்கொண்டு, அங்கும் அதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் ட்ரெட்டின் (சாலையில் படும் பள்ளமும் மேடுமான ரப்பர்; கடைகளில் ‘பட்டன்’ என்பார்கள்) ஆழத்தை ஆழமானியால் அளந்து பாருங்கள். ஆழமானி விலை அதிகமில்லை. நல்ல டயர் கடைகளில் கேட்டால் அளந்தும் தருவார்கள். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களிலும் அளக்க வேண்டும். நடுவில் மட்டும் அளந்துவிட்டு நல்ல டயர்தான் என்று சொல்லிவிடுவது பரவலாக நடக்கிறது.

இனி முடிவு. கார்களுக்கு ட்ரெட் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. தட்டையான இடத்தில் மட்டும் ரப்பர் அந்த மேட்டளவுக்கு வந்திருந்தாலும், மற்ற இடங்களில் 5 மி.மீ. மிச்சமிருந்தாலும், அந்த டயரின் ஆயுள் முடிந்ததாகவே கொள்ள வேண்டும். தேய்ந்த இடத்தில் நூலிழையோ கம்பியிழையோ கண்ணுக்குத் தெரிந்தால், அந்த டயரோடு அடுத்த ஊர்வரைகூடப் போக வேண்டாம். அங்கேயே ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். இழை தெரியாமல், வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தால், டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுச் சிறிது காலம் ஓட்டிப் பார்க்கலாம். 2 மி.மீ.யைத் தாண்டினால் அந்த நடுக்கத்தோடு சமாதானம் செய்துகொள்ள முடியாது. இந்த இரண்டு எண்களும் விதிப் புத்தகத்தில் உள்ளவை அல்ல, என் மதிப்பீடு. 20,000 கி.மீ. ஓடிய டயரில் நடுக்கம் ஸ்டியரிங்கில் இந்த அளவுக்குத் தெரிகிறது என்றால், இரண்டு முன்டயர்களையும் மாற்ற நேரிடும் என்றே நினைக்கிறேன்.

ஒரே அச்சில் ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போடாதீர்கள், ஜோடியாகவே மாற்றுங்கள். புதிய ஜோடியைப் பின்னால் போட்டு, பின்னாலிருந்த நல்ல டயர்களை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். என்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை என்பதால் நல்ல டயர் முன்னால் இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். மழையில் முன்டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுப்பதை ஓட்டுநர் உணர்ந்து வேகத்தைக் குறைக்க முடியும். பின்டயர் வழுக்கினால் அதை உணர்வதற்குள் வண்டி சுழன்றுவிடும். டயர் நிறுவனங்களும் புதியவற்றைப் பின்னால் போடவே பரிந்துரைக்கின்றன.

கேள்வி: இப்படித் தட்டையான டயரோடு ஓட்டுவது வெறும் தொல்லைதானா, ஆபத்தும் உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: ஆபத்து உண்டு. தட்டையான இடம் தரையில் படும் கணத்தில் பிடிமானம் குறைகிறது. அடுத்த முறை பிரேக்கை அழுத்தும்போது, சக்கரம் பூட்டிக்கொள்ள விரும்பும் இடமும் அதுவே. ஆகையால் ஒருமுறை தட்டையான இடம் மீண்டும் மீண்டும் தட்டையாகிறது. அதிர்வு டயரோடு நிற்பதும் இல்லை. வீல் பேரிங், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ், ஸ்டியரிங் இணைப்புகள் ஆகியவை நொடிக்குப் பத்து அடிகளுக்கு மேல் வாங்கிக்கொண்டே இருக்கின்றன.

இதற்கு மிகவும் பேர்பெற்ற சான்று 2005ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீ பந்தயம். அந்த ஆண்டு ஃபார்முலா ஒன் விதிப்படி, சேதமடைந்தாலொழிய, பந்தயம் முழுவதையும் ஒரே செட் டயர்களில் ஓடி முடிக்க வேண்டும். முன்னணியில் இருந்த மெக்லாரன் ஓட்டுநர் கிமி ரைக்கோனன், ஒரு சுற்று பின்தங்கியிருந்த காரை முந்தும்போது பிரேக்கில் முன்சக்கரத்தைப் பூட்டிக்கொண்டார். வலது முன்டயர் தட்டையானது. சுற்றுக்குச் சுற்று நடுக்கம் கூடி, அந்தச் சக்கரம் அதிர்வதைத் தொலைக்காட்சியிலேயே பார்க்க முடிந்தது. வெற்றியைக் கைவிட மனமில்லாமல் அவரும் அணியும் தொடர்ந்தார்கள். கடைசிச் சுற்றின் தொடக்கத்தில், முதல் வளைவுக்குப் பிரேக் பிடித்த இடத்தில் வலது முன்பக்க சஸ்பென்ஷன் முறிந்து சக்கரம் பிய்ந்தது. பெர்னாண்டோ அலோன்சோ வென்றார். நம் சாலை வேகத்தில் கார்பன் இழைச் சட்டங்கள் முறியப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சஸ்பென்ஷனை முறித்தது வேறெதுவும் இல்லை, ஒரு டயரின் சிறு தட்டை.

கேள்வி: என் கார் 2021 மாடல், ஏபிஎஸ் உண்டு. அப்படியிருந்தும் அவசரப் பிரேக்குக்குப் பிறகு ஒரு முன்டயரில் மட்டும் தேய்ந்த திட்டு தெரிகிறது. ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் பூட்டாது என்றல்லவா சொல்கிறார்கள்?
— வாசகி, சென்னை

பதில்: பூட்டிக்கொண்டே இருக்க விடாது என்பதே சரி. பாஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் கார்களுக்குக் கட்டாயமானது. சக்கரம் பூட்டத் தொடங்குவதை சென்சார் கண்டறிந்து, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடிப்பதே அதன் வேலை. கண்டறிவதற்கும் விடுவிப்பதற்கும் இடையே சக்கரம் சிறு கணம் சறுக்கத்தான் செய்யும். வண்டி நிற்பதற்கு முந்தைய மிகக் குறைந்த வேகத்தில் ஏபிஎஸ் வேலை செய்வதும் இல்லை. இவற்றால் ஏற்படுவது லேசான உரசல் திட்டு. சில நாள்களில் மறைந்துவிடும்.

திட்டு ஆழமாக, ஒரு சக்கரத்தில் மட்டும் இருக்கிறதென்றால் சந்தேகப்பட வேண்டும். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாமல் எரிந்தாலும், தொடக்கத்தில் எரியாமலே இருந்தாலும் கோளாறுதான். சக்கரத்தின் அருகே உள்ள சென்சாரில் சேறும் இரும்புத்தூளும் படிவதும், அதன் ஒயர் அறுபடுவதும் நம் சாலைகளில் வழக்கமானவை. பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிரேக் காலிப்பர் சிக்கிக்கொண்டு ஒரு சக்கரத்தை மட்டும் கூடுதலாகப் பிடிப்பதும் நேரலாம். ஓட்டி வந்து நிறுத்தியதும் அந்த ஒரு ரிம் மட்டும் அதிகமாகச் சுடும்.

இன்னொன்று: அவசரப் பிரேக்கின்போது பெடல் காலுக்கடியில் ‘தடதட’வென்று உதைத்தால் அது ஏபிஎஸ் வேலை செய்வதன் அறிகுறி. பலர் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் முழுவதும் அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் இதற்கு எதிர்மாறு. சக்கரம் பூட்டி வண்டி சறுக்குவதை உணர்ந்ததும் பெடலைச் சற்றே தளர்த்தி மீண்டும் அழுத்த வேண்டும்.

கேள்வி: தட்டையான டயரைக் கடைந்து வட்டமாக்கித் தரும் இயந்திரம் இருப்பதாகப் பந்தயத்தில் ஈடுபாடுள்ள நண்பர் சொல்கிறார். ரீட்ரேடிங் (தேய்ந்த டயரின்மீது புது ட்ரெட் ஒட்டுவது) செய்தாலும் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தளம் இருக்கும் ஊர் என்பதால் இந்தக் கேள்வி அங்கிருந்து வருவதில் வியப்பில்லை. டயரைச் சீவும் இயந்திரம் இருப்பது உண்மை. பந்தயத்துக்காக ட்ரெட் ஆழத்தைக் குறைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். தட்டையான டயரை அதில் வட்டமாக்கவும் முடியும். ஆனால் முழு டயரையும் தட்டையான இடத்தின் ஆழத்துக்குச் சீவிவிட வேண்டும். 3 மி.மீ. பள்ளத்துக்காக டயர் முழுவதிலும் 3 மி.மீ. ரப்பரை இழந்த பிறகு ஓட்டுவதற்கு என்ன மிஞ்சும்? புதிய கார் டயரிலேயே மொத்தம் 7 அல்லது 8 மி.மீ.தான் இருக்கிறது.

ரீட்ரேடிங் பேருந்து, லாரி டயர்களுக்கு ஏற்றது. அவற்றின் கேசிங் (ட்ரெட்டுக்கு அடியில் உள்ள டயரின் உடல்) ஒன்றுக்கு மேற்பட்ட முறை புது ட்ரெட் ஏற்கும் வகையில் கனமாகச் செய்யப்படுகிறது. நம் அரசுப் பேருந்துகள் அப்படித்தான் ஓடுகின்றன. சிறிய கார் ரேடியல் டயரின் கேசிங் அவ்வளவு கனமில்லை. சறுக்கலின் சூட்டில் உள்ளிழைகள் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டன என்பதும் வெளியிலிருந்து தெரியாது. இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: மகன் வெளிநாட்டில் இருப்பதால் அவனுடைய கார் மூன்று மாதங்கள் ஷெட்டிலேயே நின்றது. இப்போது எடுத்தால் முதல் சில கி.மீ. தூரம் ‘தட் தட்’ என்கிறது, பிறகு சத்தமே இல்லை. இதுவும் டயர் தேய்மானமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. பிரேக்கில் தட்டையான டயரில் ரப்பர் இழப்பு. தங்கள் மகனின் காரில் வடிவ மாற்றம் மட்டுமே. ட்ரெட்டுக்கு அடியில் உள்ள நைலான் அடுக்கு, ஒரே நிலையில் பாரம் தாங்கி நின்ற வடிவத்திலேயே இறுகிவிடுகிறது. ஓடிச் சூடேறியதும் இளகிப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. 20 அல்லது 30 கி.மீ. ஓடியும் சத்தம் போகாவிட்டால், அது நிரந்தரமாகிவிட்டது என்று கொள்ளலாம். காற்று குறைவாக நின்ற டயரில் இது சீக்கிரம் நிகழும். அடுத்த முறை நிறுத்தும்போது வழக்கத்தைவிடச் சில பி.எஸ்.ஐ. கூடுதலாக, டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டாமல், காற்றடித்து வையுங்கள். இரண்டு வாரங்களுக்கொரு முறை வண்டியை அரைச் சக்கரம் அளவுக்காவது நகர்த்துங்கள். ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாகக் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது நல்லது. ஓட்டத் தொடங்குமுன் காற்றை வழக்கமான அளவுக்குக் குறைக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: ரயிலில் சில பெட்டிகளில் மட்டும் ஒரே சீராக ‘டக் டக்’ என்ற சத்தம் வருவதும் இதுதானா?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: தண்டவாள இணைப்புகளில் எழும் சத்தம் எல்லாப் பெட்டிகளிலும் கேட்கும். ஒரு பெட்டியில் மட்டும், வேகத்துக்கேற்ப விரைந்தும் தளர்ந்தும் கேட்டால், பிரேக்கில் பூட்டிச் சறுக்கிய சக்கரத்தின் தட்டை அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்தத் தட்டையின் நீளம் பயணிகள் பெட்டிகளில் 50 மி.மீ.யையும் சரக்குப் பெட்டிகளில் 60 மி.மீ.யையும் தாண்டக்கூடாது என்று இந்திய ரயில்வே வரம்பு வைத்திருக்கிறது. எஃகுச் சக்கரத்தைப் பணிமனையில் கடைந்து மீண்டும் வட்டமாக்க முடியும் என்பதால், அங்கே கடைசலே தீர்வு.

கேள்வி: சறுக்கலில் பாழான டயருக்குக் காப்பீடோ வாரண்டியோ கிடைக்குமா?
— வாசகர், சேலம்

பதில்: வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டுமே, பிரேக்கில் தேய்ந்ததைப் பயன்பாட்டுச் சேதம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்கமான முழுக் காப்பீட்டிலும், டயர் மட்டும் சேதமானால் இழப்பீடு இல்லை. அதே விபத்தில் வண்டியும் சேதமடைந்திருந்தால், புதிய டயர் விலையில் 50 சதவீதம் வரை தருவார்கள். டயருக்கெனத் தனிக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருப்பவர்கள், ‘தேய்மானம்’ என்பதை அந்தப் பாலிசி விலக்குகிறதா என்று முதலில் படித்துப் பார்த்துவிட்டு, தேய்ந்த இடத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, டயரைக் கழற்றுவதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.